பணம் கேட்பதற்கு வெகு முன்பே தெரியும் அறிகுறிகள்

ஃபேஸ்புக்கில் ஒரு ஃபிரெண்ட் ரிக்வெஸ்ட் வருகிறது. படத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர். நரை கலந்த தாடி, பின்னால் கடல். கடலுக்கு நடுவே எண்ணெய்க் கிணற்றில் பொறியாளர் வேலை என்று போட்டிருக்கிறது. ஏற்றுக்கொண்ட பத்தாவது நிமிடம் செய்தி வருகிறது: "உங்கள் பக்கத்தில் அந்தப் பூனையின் படத்தைப் பார்த்தேன். எனக்கும் பூனை என்றால் உயிர்." மரியாதைக்கு ஒரு வரி பதில் போடுகிறீர்கள். மறுநாள் விடிந்ததும் "நன்றாகத் தூங்கினீர்களா?" என்று வருகிறது. அதற்கடுத்த நாளும் வருகிறது. ஒரு வாரத்தில் அவருடைய மனைவி புற்றுநோயில் இறந்துபோனதும், ஒரே மகள் விடுதியில் தங்கிப் படிப்பதும் உங்களுக்குத் தெரிந்துவிடுகிறது. மூன்றாவது வாரம், "உங்களிடம் பேசினால்தான் மனசு லேசாகிறது" என்கிறார். உங்களுக்கும் அப்படித்தான் இருக்கிறது.

இதுவரை அவர் ஒரு காசுகூடக் கேட்கவில்லை.

நட்பின் பெயரால் நடக்கும் இணைய மோசடிகளைப் பற்றி நமக்குக் கிடைக்கும் எச்சரிக்கைகளில் பெரும்பாலானவை "முன்பின் தெரியாதவருக்குப் பணம் அனுப்பாதீர்கள்" என்பதோடு முடிந்துவிடுகின்றன. நல்ல அறிவுரைதான். ஆனால் பணம் கேட்கும் நாளில் அந்த மனிதர் உங்களுக்கு முன்பின் தெரியாதவராக இருக்க மாட்டார். மூன்று மாதம் காலையும் இரவும் நலம் விசாரித்தவரை யாரால் அந்நியர் என்று நினைக்க முடியும்? பணம் கேட்பதுதான் முதல் அறிகுறி என்று காத்திருப்பவர்கள் ஏமாறுவது அதனால்தான். அதற்கு வெகு முன்பே அறிகுறிகள் வந்திருக்கும். அவை பார்ப்பதற்கு அன்பு மாதிரியே இருப்பதால் கண்ணில் படுவதில்லை.

அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையத்துக்கு 2022ஆம் ஆண்டில் மட்டும் காதல் மோசடி பற்றி ஏறக்குறைய 70,000 பேர் புகார் கொடுத்தார்கள். அவர்கள் இழந்ததாகச் சொன்ன தொகை 130 கோடி டாலர். பணத்தை இழந்தவர்களில் 40 சதவீதம் பேர் பழக்கம் சமூக ஊடகத்தில் தொடங்கியதாகச் சொன்னார்கள். வேறு இணையதளத்திலோ செயலியிலோ தொடங்கியது என்றவர்கள் 19 சதவீதம்தான். அதாவது துணை தேடிப் போன இடத்தில் மாட்டியவர்களைவிட, குடும்பப் படங்களையும் பிறந்தநாள் வாழ்த்துகளையும் போடும் இடத்தில் மாட்டியவர்களே அதிகம். இதெல்லாம் ஒரு நாட்டில், வாய் திறந்து சொன்னவர்களின் கணக்கு. வெட்கப்பட்டுச் சொல்லாமல் இருப்பவர்கள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

கதை பழையது. 19ஆம் நூற்றாண்டில் 'ஸ்பெயின் கைதி' என்று ஒரு மோசடிக் கடிதம் நாடு நாடாகச் சுற்றியது. பெரும் செல்வந்தர் ஒருவர் ஸ்பெயினில் சிறைப்பட்டுக் கிடக்கிறார், அவரை மீட்கக் கொஞ்சம் பணம் அனுப்பினால் புதையலில் பங்கு கிடைக்கும் என்று அதில் எழுதியிருக்கும். இன்றைக்கு வரும் பார்சல் கதையும் முடங்கிப்போன வங்கிக் கணக்குக் கதையும் அதன் பேரப்பிள்ளைகள். ஆனால் அந்தக் காலத்தில் ஒரு கடிதத்துக்கும் அடுத்த கடிதத்துக்கும் நடுவே வாரக்கணக்கில் இடைவெளி இருந்தது. யோசிக்கவும், நாலு பேரிடம் கேட்கவும் நேரம் கிடைத்தது. இப்போது அந்த இடைவெளி இல்லை. மோசடிக்காரர் உங்கள் கைப்பேசிக்குள்ளேயே, நாள் முழுக்க இருக்கிறார்.

மறுமுனையில் இருப்பவர் தனியாள் என்று நினைப்பதும் பல நேரம் தவறு. மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும், கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் இணைய மோசடி செய்யும்படி கட்டாயப்படுத்தப்பட்டு அடைத்து வைக்கப்பட்டிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் மதிப்பிட்டது. வேலை தருவதாகச் சொல்லி அழைத்துப் போய், கடவுச்சீட்டைப் பிடுங்கிக்கொண்டு, அடித்து உட்கார வைக்கிறார்கள். உங்களுக்குக் காலை வணக்கம் அனுப்பும் விரல்கள் அப்படி ஒருவருடையதாகவும் இருக்கலாம். நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. மியான்மர், லாவோஸ், கம்போடியா, பிலிப்பைன்ஸ், ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய இடங்களில் உள்ள மோசடி மையங்களோடு தொடர்புடைய 20 லட்சத்துக்கும் அதிகமான கணக்குகளை அந்த ஓராண்டில் நீக்கியதாக, ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனம் 2024 நவம்பரில் சொன்னது. இந்த மையங்களில் எழுதி வைத்த வசனம் உண்டு, ஷிஃப்ட் உண்டு, ஒரே நேரத்தில் பல பேரோடு உரையாடும் ஏற்பாடு உண்டு.

இதைப் புரிந்துகொண்டால் சில விஷயங்கள் தானாகவே கண்ணில் படும். பகலில் ஒரு மாதிரியும் இரவில் வேறு மாதிரியும் எழுதுவார். நேற்றுவரை எழுத்துப்பிழையோடு எழுதியவர் இன்று அலுவலகக் கடிதம் போல எழுதுவார். நீங்கள் விவரமாகச் சொன்ன ஒன்றை மறந்துவிட்டு மறுபடி கேட்பார். மகளின் வயது பதினான்கிலிருந்து பன்னிரண்டுக்கு இறங்கும். உங்கள் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லாமல், எங்கோ எழுதி வைத்த பத்தி ஒன்று வந்து விழும். இப்படி ஏதாவது நெருடினால், "பாவம், வேலைக் களைப்பு" என்று நாமே அவருக்குச் சமாதானம் கண்டுபிடித்துக் கொடுத்துவிடுகிறோம். கொடுக்க வேண்டாம். எந்த நாளில் எது நெருடியது என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். ஒன்றிரண்டு இருந்தால் தற்செயலாக இருக்கலாம். ஏழெட்டு சேர்ந்துவிட்டால் தாளே உங்களுக்குச் சொல்லிவிடும்.

கணக்கைச் சோதிப்பது எல்லோரும் சொல்லும் முதல் வேலை. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முகப்புப் படத்தை கூகுள் லென்ஸிலோ டின்ஐ தளத்திலோ போட்டுத் தேடினால், அதே முகம் வேறு பெயரில் எங்காவது இருக்கிறதா என்று தெரியும். இன்ஸ்டாகிராமில் பல கணக்குகளுக்கு 'இந்தக் கணக்கைப் பற்றி' என்ற பகுதி இருக்கும். கணக்கு எப்போது தொடங்கியது, எந்த நாட்டிலிருந்து இயங்குகிறது, பெயர் எத்தனை முறை மாறியது என்பதை அதில் பார்க்கலாம். படங்களுக்குக் கீழே கருத்து எழுதியவர்கள் அவரை உண்மையில் அறிந்தவர்கள் போலப் பேசுகிறார்களா, வெறும் பூங்கொத்தும் இதயமும் மட்டும்தானா என்றும் பாருங்கள். ஆனால் இதில் தேறிவிட்டால் ஆள் நல்லவர் என்று முடிவுகட்ட முடியாது. பத்து வருடப் பழைய கணக்கைத் திருடிப் பயன்படுத்துகிறார்கள். செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய முகத்தை எங்கே தேடினாலும் கிடைக்காது, அப்படி ஒரு மனிதரே இல்லையே. ஆகவே கணக்கை ஒருமுறை பார்த்துவிட்டு, உறவு போகும் விதத்தைத் தொடர்ந்து கவனிப்பதுதான் பயன் தரும்.

உண்மையான நட்பில் இடைவெளிகள் இருக்கும். பதில் போட மறந்துபோவோம், ஒரு விஷயத்தில் கருத்து மோதும், சில நாள் பேச்சே இருக்காது. மோசடி நட்பில் இவை எதுவும் இருக்காது. உங்களுக்குப் பிடித்த பாட்டு அவருக்கும் பிடிக்கும், நீங்கள் வெறுப்பதை அவரும் வெறுப்பார், நீங்கள் சொன்ன எதையும் ஒருநாளும் மறுத்துப் பேச மாட்டார். நீங்கள் பல வருடமாகப் பொதுவில் போட்டு வைத்திருக்கும் பதிவுகளை உட்கார்ந்து படித்துவிட்டுத்தான் அவர் முதல் செய்தியையே அனுப்பியிருப்பார். பூனையைப் பற்றிய அந்த முதல் வரி தானாக வந்ததல்ல.

ஒரு சின்ன வேலை செய்து பாருங்கள். அந்த உரையாடலை முதல் செய்திவரை மேலே தள்ளிக்கொண்டே போங்கள். பிறகு ஒரு தாளை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் அவருக்கு உங்களைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் எழுதுங்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மாதம், கைக்கு வந்த தொகை, அண்ணனோடு பேச்சுவார்த்தை இல்லாதது, எந்த நேரம் வீட்டில் தனியாக இருப்பீர்கள், எந்த மாத்திரை சாப்பிடுகிறீர்கள். வலப்பக்கம் அவரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததில், அவர் சொல்லாமலேயே வேறு வழியில் சரிபார்க்க முடிந்தவற்றை மட்டும் எழுதுங்கள். அந்தப் பக்கம் காலியாகவே இருக்கிறதென்றால், மூன்று மாதமும் நீங்கள் மட்டும்தான் பேசியிருக்கிறீர்கள். அவர் குறிப்பெடுத்திருக்கிறார்.

அவர் சொல்லும் வேலையையும் கொஞ்சம் யோசியுங்கள். தொலைதூர முகாமில் ராணுவ வீரர், எண்ணெய்க் கிணற்றுப் பொறியாளர், கப்பல் அதிகாரி, போர்ப் பகுதியில் மருத்துவர். ஏன் திரும்பத் திரும்ப இவையே வருகின்றன? இந்த வேலைகளில் ஒவ்வொன்றும் நான்கு கேள்விகளுக்கு ஒரே அடியில் பதில் சொல்லிவிடும். ஏன் நேரில் வரவில்லை, ஏன் வீடியோ அழைப்பு சரியாக வருவதில்லை, கையில் நிறைய சம்பளம் இருந்தும் ஏன் வங்கிக்குப் போக முடியவில்லை, ஏன் திடீரென்று ஆபத்து வருகிறது. 2022இல் அமெரிக்க ஆணையத்துக்கு வந்த புகார்களில் மோசடிக்காரர்கள் அதிகம் சொன்ன பொய், "எனக்கோ என் நெருங்கியவருக்கோ உடம்பு சரியில்லை, அடிபட்டுவிட்டது, அல்லது சிறையில் இருக்கிறோம்" என்பது. 24 சதவீதம் பேர் அதைக் கேட்டிருக்கிறார்கள். முதலீடு கற்றுத்தருகிறேன், ராணுவத்தில் தொலைவில் இருக்கிறேன், முக்கியமான பார்சல் ஒன்றுக்கு உதவி வேண்டும் என்ற மூன்றும் தலா 18 சதவீதத்தோடு அடுத்து நின்றன.

அப்புறம் இடமாற்றம். பழகிய சில நாளிலேயே "இங்கே நான் அதிகம் வருவதில்லை, வாட்ஸ்அப் எண் கொடுங்கள்" என்றோ "டெலிகிராமுக்கு வாருங்கள்" என்றோ கேட்பார். ஃபேஸ்புக்கில் யாராவது புகார் செய்து அந்தக் கணக்கு முடக்கப்பட்டால் பிடித்து வைத்த ஆள் கைநழுவிப் போய்விடுவார் அல்லவா? அதற்கு முன் உங்கள் எண் அவர் கைக்கு வந்தாக வேண்டும். எண் கேட்பவரெல்லாம் மோசடிக்காரர் இல்லை. ஆனால் "கொஞ்ச நாள் இங்கேயே பேசுவோமே" என்று நீங்கள் சொன்னதும் அவர் முகம் சுளித்தால், "என்மேல் நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டால், அதைக் கட்டாயம் குறித்து வைக்க வேண்டும்.

எனக்கு மிகவும் கவலை தருவது இதற்கு அடுத்த கட்டம். "நம் விஷயத்தை இப்போதைக்கு யாரிடமும் சொல்லாதீர்கள், அவர்களுக்குப் புரியாது." காதில் கேட்கும்போது இது நெருக்கமாகத்தான் தோன்றும். அதன் வேலை, உங்களைக் காப்பாற்றக்கூடிய ஒரே கேள்வியை வீட்டில் யாரும் கேட்காமல் பார்த்துக்கொள்வது. மகள் சந்தேகப்பட்டால் "உங்கள் சந்தோஷம் அவளுக்குப் பொறுக்கவில்லை" என்பார். வங்கியில் ஏன் இவ்வளவு பணம் எடுக்கிறீர்கள் என்று கேட்டால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்றுகூடச் சொல்லிக்கொடுப்பார். உங்கள் மேல் அக்கறை உள்ள ஒருவர், உங்கள் மேல் அக்கறை உள்ள மற்றவர்களிடம் பொய் சொல்லச் சொல்ல மாட்டார். மற்ற எந்த அறிகுறி இல்லாவிட்டாலும் இது ஒன்று போதும், அந்த உறவை அங்கேயே நிறுத்துவதற்கு.

பணப் பேச்சு வரும் வழிகள் பல. பார்சல் கதையில், விலையுயர்ந்த பரிசு அனுப்பியிருப்பதாகச் சொன்ன இரண்டாம் நாள், சுங்கத்துறை அதிகாரி என்று இன்னொரு குரல் அழைத்து வரி கட்டச் சொல்லும். சிலர் சின்னதாகத் தொடங்குவார்கள், ஒரு ரீசார்ஜ், ஒரு கிஃப்ட் கார்டு. தொகை முக்கியமில்லை, நீங்கள் கொடுப்பவரா என்று பார்க்கும் சோதனை அது. சிலர் பணம் கேட்காமல் உங்கள் கணக்குக்குப் பணம் அனுப்பி, வேறொருவருக்கு மாற்றிவிடச் சொல்வார்கள். அது பெரும்பாலும் இன்னொரு ஏமாளியின் பணம், காவல்துறை முதலில் வந்து நிற்பது உங்கள் வாசலில்தான். அந்தரங்கப் படம் கேட்பவர்கள் மூன்று மாதம் காத்திருப்பதில்லை. படம் போன சில நிமிடங்களிலேயே மிரட்டல் வந்துவிடும். அப்போது பணம் கொடுத்தால் மிரட்டல் நிற்காது, தொகைதான் கூடும்.

இப்போது பெரிய இழப்புகளைத் தருவது முதலீட்டு வழி. இதில் அவர் கேட்பதே இல்லை, தருவதாகச் சொல்கிறார். தவறான எண்ணுக்கு அனுப்பியதுபோல ஒரு செய்தியில் பழக்கம் தொடங்கும். பேச்சோடு பேச்சாக, கிரிப்டோ என்ற டிஜிட்டல் நாணயத்தில் தான் சம்பாதித்ததைச் சொல்வார். ஒரு செயலியைக் காட்டுவார். நீங்கள் கொஞ்சம் போட்டால் அது வளரும். எடுக்கப் பார்த்தால் பணம் நிஜமாகவே உங்கள் வங்கிக்கு வந்து சேரும். அதோடு சந்தேகம் போய்விடும். பெரிய தொகையைப் போட்ட பிறகுதான் வரி கட்டு, கணக்கைத் திறக்கக் கட்டணம் கட்டு என்று தொடங்கும். செயலியில் நீங்கள் பார்த்த லாபம் திரையில் வரைந்த எண்தான். இதைச் செய்கிறவர்கள் தங்களுக்குள் இதற்குப் 'பன்றியைக் கொழுக்க வைத்து அறுப்பது' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஏமாந்த மனிதரைப் பன்றி என்று அழைப்பது அவரை மேலும் கூனிக் குறுகவைத்து, புகார் கொடுக்க விடாமல் செய்கிறது என்று இன்டர்போல் 2024 டிசம்பரில் அந்தச் சொல்லைக் கைவிடும்படி கேட்டுக்கொண்டது. சரியான முடிவு.

படித்தவர்கள், பணவிவரம் தெரிந்தவர்கள் இதில் விழ மாட்டார்கள் என்று யாராவது சொன்னால், அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்தின் எல்க்ஹார்ட் என்ற சிற்றூரில் நடந்ததைச் சொல்லுங்கள். ஹார்ட்லேண்ட் ட்ரை-ஸ்டேட் வங்கியின் தலைமை நிர்வாகியே இப்படி ஒரு கிரிப்டோ வலையில் மாட்டினார். இன்னும் கொஞ்சம் போட்டால் லாபத்தை எடுத்துவிடலாம் என்ற நம்பிக்கையில் 2023 மே முதல் ஜூலை வரை வங்கியின் பணத்திலிருந்து 4 கோடியே 71 லட்சம் டாலரை அனுப்பிவிட்டார். அந்த ஜூலையிலேயே வங்கி மூழ்கியது. 2024 ஆகஸ்டில் அவருக்கு 24 ஆண்டு 5 மாதம் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. கடன் கேட்டு வருபவர்களைச் சலித்துப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டிருந்த ஒருவர் அவர்.

வீடியோவில் முகம் பார்த்துவிட்டேன், அதனால் ஆள் உண்மை என்பதும் இனிச் செல்லாது. 2024 அக்டோபரில் ஹாங்காங் காவல்துறை 27 பேரைக் கைது செய்தது. டீப்ஃபேக் நுட்பத்தால் பெண்களின் முகத்தை அணிந்துகொண்டு வீடியோ அழைப்பில் பேசி, சுமார் 4 கோடியே 60 லட்சம் அமெரிக்க டாலர் சுருட்டிய கூட்டம் அது. அழைப்பில் கையை முகத்துக்குக் குறுக்கே கொண்டுபோகச் சொல்வது, பக்கவாட்டில் திரும்பச் சொல்வது போன்ற சோதனைகள் இன்று ஓரளவு உதவலாம். நுட்பம் வளர வளர அவையும் உதவாமல் போகும்.

அதைவிட நம்பகமான சோதனை ஒன்று உண்டு, அதற்கு எந்தச் செயலியும் வேண்டாம். "பத்து நாள் எனக்குப் பேச நேரம் இருக்காது" என்று சொல்லிப் பாருங்கள். நண்பர் என்றால் "சரி, முடிந்ததும் பேசுங்கள்" என்பார். மற்றவருக்குப் பத்து நாள் என்பது பெரிய நஷ்டம். மறுநாளே விபத்து நடக்கும், அல்லது கோபம் வரும், அல்லது அந்த முதலீட்டு வாய்ப்பு நாளையோடு முடிந்துபோகும். ஏதோ ஒரு சின்ன விஷயத்துக்கு "வேண்டாம்" சொல்லிவிட்டு, அடுத்து வரும் மூன்று செய்திகளைக் கவனமாகப் படியுங்கள். மூன்று மாதத்தில் அவர் காட்டாத முகம் அங்கே தெரியும்.

வீட்டில் ஒருவர் இப்படி மாட்டியிருப்பதாகச் சந்தேகப்படுபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2025 ஜனவரியில் பிரான்சின் டிஎஃப்1 தொலைக்காட்சி, நடிகர் பிராட் பிட் என்று நம்பி 8,30,000 யூரோ இழந்த ஒரு பெண்ணின் கதையை ஒளிபரப்பியது. மருத்துவமனைக் கட்டிலில் பிராட் பிட் படுத்திருப்பதுபோல செயற்கை நுண்ணறிவில் உருவாக்கிய படங்களைக் காட்டி, சிறுநீரகச் சிகிச்சைக்கு என்று பணம் பறித்திருந்தார்கள். மற்றவர்கள் எச்சரிக்கையாக இருக்கட்டும் என்று அந்தப் பெண் முகம் காட்டிப் பேசினார். இணையம் முழுக்க அவரைக் கேலி செய்தது. கேலி அளவு மீறியதால் தொலைக்காட்சி அந்த நிகழ்ச்சியையே விலக்கிக்கொண்டது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில், அதே நேரம் தானும் மாட்டியிருந்த எத்தனை பேர் அன்றோடு வாயை மூடிக்கொண்டார்களோ.

ஆகவே உங்கள் அம்மாவிடமோ நண்பரிடமோ "இதுகூடத் தெரியாதா?" என்று தொடங்காதீர்கள். அவர் உடனே அந்த ஆளுக்காக வாதாடத் தொடங்கிவிடுவார், மறுமுனையில் இருப்பவர் எதிர்பார்ப்பதும் அதுதான். "யார் அவர், எப்படிப் பழக்கமானார், சொல்லுங்களேன்" என்று கேளுங்கள். முழுக்கச் சொல்ல விடுங்கள். அந்தத் தாள் வேலையைச் சேர்ந்து உட்கார்ந்து செய்யுங்கள். அவருக்கு இழப்பு இரண்டு என்பதை மறக்க வேண்டாம். பணம் போனது ஒன்று, தினமும் விடிந்ததும் நலம் விசாரித்த ஒருவர் இல்லாமலே போனது இன்னொன்று. இரண்டாவதுதான் அவரைத் திரும்பவும் அந்தச் செய்திக்குப் பதில் போட வைக்கும்.

பணம் போய்விட்டது என்று தெரிந்தால் முதல் அழைப்பு வங்கிக்கு, அடுத்தது காவல்துறையின் சைபர் குற்றப் பிரிவுக்கு. அன்றைக்கே, முடிந்தால் அந்த மணி நேரத்திலேயே. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் நிறுத்த முடிந்தால்தான் உண்டு. உரையாடலைக் கோபத்தில் அழித்துவிடாதீர்கள். படங்கள், எண்கள், கணக்கின் முகவரி, பணம் போன ரசீதுகள் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு அந்தக் கணக்கைப் புகார் செய்து தடுத்துவிடுங்கள்.

சில வாரம் கழித்து இன்னொரு செய்தி வரக்கூடும். வழக்கறிஞர் என்றோ, இழந்த கிரிப்டோவை மீட்டுத் தரும் நிபுணர் என்றோ, விசாரணை அதிகாரி என்றோ அறிமுகம் செய்துகொள்வார். நீங்கள் எவ்வளவு இழந்தீர்கள், எந்தத் தேதியில் இழந்தீர்கள் என்பதெல்லாம் அவருக்குச் சரியாகத் தெரிந்திருக்கும். பணம் தயாராக இருக்கிறது, ஒரு சிறு கட்டணம் மட்டும் கட்டினால் போதும் என்பார். அவருக்கு அந்த விவரங்கள் எங்கிருந்து கிடைத்தன என்று யோசியுங்கள். அதே கூட்டம்தான், அல்லது உங்கள் பெயரை அந்தக் கூட்டத்திடமிருந்து விலைக்கு வாங்கியவர்கள். பதில் போட வேண்டாம், அந்த எண்ணையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஏற்கெனவே கொடுத்த புகாரோடு சேர்த்துவிடுங்கள்.